அழுகைக் காட்சியில் விழுங்கப்படும் வினைமுற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒலி நாடகங்கள் கைபேசி வழியே மறுபடியும் காதுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. செய்தித்தாள்களிலும் அவற்றுக்கு விமர்சனம் வருகிறது. ஆனால் மனமுடைந்த பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வரும்போது மட்டும் பேனா இரண்டே வாக்கியங்களில் நின்றுவிடுகிறது. பாராட்டு என்றால் "உண்மையாகவே அழுதிருக்கிறார்". குறை என்றால் "அழுகை ஒட்டவில்லை". ஒலி நாடகங்களில் நடிப்பவர்களும் அந்தக் குரல்களைப் பதிவு செய்து வெட்டி ஒட்டுபவர்களுமாகச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்த வேலை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதைச் சொன்னால் விமர்சகர்களுக்கும், நாடகம் எழுதுபவர்களுக்கும், மைக் முன்னால் புதிதாக நிற்கப்போகிறவர்களுக்கும் உதவும்.

நடிகர் நிஜமாக அழுதால் பதிவு நன்றாக வரும் என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். மேடையிலும் திரையிலும் அது உண்மையாக இருக்கலாம். அங்கே முகம் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மைக்குக்கு நிஜ அழுகை பெரும்பாலும் உபயோகப்படாத சரக்கு. கண்ணில் சுரக்கும் நீர் கன்னத்தில் மட்டும் வழிவதில்லை. கண்ணின் உள்மூலையில் இருக்கும் குழாய் வழியே மூக்குக்குள்ளும் வடிகிறது. மூக்கு அடைத்துக்கொள்ளும். மூக்கடைத்தவருக்கு மெல்லின எழுத்துகள் வராது. ஜலதோஷக்காரர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்: "அம்மா" கிட்டத்தட்ட "அப்பா" என்று விழும். "மன்னிச்சிடு" என்பது "பட்டிச்சிடு" ஆகிவிடும். நாடகத்தின் மிக முக்கியமான வரியில் இது நடந்தால், கேட்பவர் அழுவதற்குப் பதில் சிரித்துவிடுவார்.

அழும்போது தொண்டையில் உருண்டை அடைப்பதாக ஓர் உணர்வு வருகிறதே, அதற்கும் காரணம் உண்டு. உணர்ச்சி முற்றும்போது உடல் அதிகக் காற்றை இழுக்கக் குரல்வளையின் வாயைத் திறந்தே வைக்கப் பார்க்கிறது. விழுங்க வேண்டுமானால் அது மூடியாக வேண்டும். இந்த இழுபறியைத்தான் உருண்டை என்று உணர்கிறோம். அந்த நிலையில் குரல்வளை மேலே ஏறும், தசைகள் இறுகும், சுருதி உயரும், குரல் கீறும். இதெல்லாம் நடிகரின் கட்டுப்பாட்டில் இல்லாமல் நடப்பதால் இரண்டாவது டேக்குக்கு அதே குரல் கிடைக்காது. ஒலி நாடகத்தில் இரண்டாவது டேக் இல்லாத நாளே கிடையாது.

மைக் வாங்க விரும்புவது அழுகையை அடக்கும் முயற்சியை. மனமுடைந்தவர் அழ வேண்டும் என்பதற்காகப் பேசுவதில்லை. அழுதுவிடக் கூடாது, எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் பேசுகிறார். "பரவால்ல, நான் பாத்துக்கிறேன்" என்கிற வரியில் அந்த அடக்கம் கேட்க வேண்டும். அடக்கம் தோற்றுப்போகும் இடம் ஒரு காட்சிக்கு ஒன்று இருந்தால் போதும், அது எந்தச் சொல்லில் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பிரதியில் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வட்டத்துக்கு முன்னால் குரல் உடைந்தால் அது வீண் செலவு.

பிரதியைக் கையில் எடுத்ததும் இந்த வருத்தம் எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இலக்கணப் பாடமாக மட்டும் படித்தவர்களுக்குத் தெரியாது, ஸ்டுடியோவில் இது எவ்வளவு உதவும் என்று. பிறர் இகழ்ந்ததால் வரும் வருத்தம் இளிவு. இழந்ததால் வருவது இழவு. பழைய நிலையிலிருந்து சரிந்ததால் வருவது அசைவு. காதல் முறிந்த பாத்திரத்துக்குப் பெரும்பாலான நடிகர்கள் இழவின் குரலை எடுத்துக்கொள்கிறார்கள்: நீளமான மூச்சு, இழுவை, ஓய்ந்த தொனி. கைவிடப்பட்டவருக்கு முதல் நாட்களில் முன்னால் நிற்பது இளிவு என்பது எங்கள் கணிப்பு. "என்னைவிட அவ எதுல ஒசத்தி?" என்ற கேள்வி இழவிலிருந்து வருவதில்லை. இளிவின் குரலுக்குத் தாடை இறுகும், பேச்சு வழக்கத்தைவிடச் சற்று வேகமாகும், மூச்சு நெஞ்சின் மேல்பாதியிலேயே நிற்கும். அசைவுக்குச் சுருதி இறங்கும், வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி கூடும். ஆறு அத்தியாயத் தொடர் என்றால் இளிவில் தொடங்கி இழவு வழியாக அசைவுக்கு இறங்கும் ஒரு கோட்டை நடிகர் வரைந்துகொள்ளலாம். எல்லா அத்தியாயத்திலும் ஒரே அழுகை அழுதால் மூன்றாவதிலேயே கேட்பவர் ஓட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்.

இனி மூச்சு. இந்த வேலையின் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

குரல் மெலிந்து நடுங்குவதாகக் கேட்க வேண்டுமானால் புதியவர்கள் தொண்டையை இறுக்குகிறார்கள். இறுக்கினால் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளும் சேர்ந்து நெரிக்கும். பத்து நிமிடத்தில் கரகரப்பு வந்துவிடும், அதற்கப்புறம் அன்றைய பதிவு முழுக்க அந்தக் கரகரப்போடுதான் நடக்கும். சரியான வழி, காற்றைக் குறைப்பது. வரியைத் தொடங்கும் முன் நெஞ்சில் இருக்கும் காற்றில் முக்கால் பங்கை ஓசையில்லாமல் வெளியே விட்டுவிட வேண்டும். மீதிக் காலில் பேச வேண்டும். தொண்டை தளர்ந்தே இருக்கும், குரல் தானாக மெலியும். இந்த முறையில் நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியாது என்பதால், நீண்ட வரிகளை எங்கே உடைப்பது என்று முதலிலேயே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, மூச்சு எடுக்கும் இடத்துக்கு இரண்டு கோடு, மூச்சு எடுக்காமல் நிறுத்தும் இடத்துக்குப் புள்ளி. மூன்றாவதுதான் ரொம்ப வலிமையானது. காற்றை நிறுத்தி வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் அந்த முக்கால் நொடி மைக்கில் அப்பட்டமாகக் கேட்கும்.

உள்மூச்சிலும் வகை இருக்கிறது. வாய் வழியே சட்டென்று இழுத்தால் பயமோ அதிர்ச்சியோ கேட்கும். மூக்கு வழியே மெதுவாக இழுத்தால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்பவர் கேட்பார். மூக்கு வழியே இரண்டு மூன்று சிறு துண்டுகளாக இழுத்து வாய் வழியே நீளமாக விட்டால் துயரம் கேட்கும். சிலி நாட்டைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் சூசானா பிளாக், அடிப்படை உணர்ச்சிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய மூச்சு, முகம், உடல்நிலை ஆகியவற்றை ஆராய்ந்து நடிகர்களுக்கான ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார். துயரத்துக்கு அவர் கண்ட மூச்சும் இந்தத் துண்டு உள்மூச்சும் நீண்ட வெளிமூச்சும்தான். நினைவைத் தோண்டாமல் உடலின் வழியே உணர்ச்சிக்குள் போக இது கைகொடுக்கிறது. பத்துப் பன்னிரண்டு சுற்று செய்து பாருங்கள், குரல் தானாக மாறும்.

விம்மல் தேவைப்படும் காட்சிக்கு ஓர் உபாயம் உண்டு. சிரிப்பும் விம்மலும் உதரவிதானம் கொடுக்கும் அதே மாதிரியான துடிப்புகளில்தான் பிறக்கின்றன. வாயை மூடிக்கொண்டு, ஓசையில்லாமல், வயிறு மட்டும் குலுங்கச் சிரிக்க ஆரம்பியுங்கள். அந்தக் குலுக்கல் பிடிபட்டதும் முகத்தைச் சிரிப்பிலிருந்து கீழே இறக்குங்கள். துடிப்பு வயிற்றில் இருக்கும் வரை தொண்டைக்குச் சேதமில்லை, எத்தனை டேக் வேண்டுமானாலும் தரலாம். முகத்தை இறக்குவது வெறும் பாவனைக்காக இல்லை. உதடு பின்னால் இழுபட்டால் வாய்க்குழாய் குறுகி ஒலி பளிச்சென்று ஆகும். சிரித்துக்கொண்டே பேசுபவரைத் தொலைபேசியிலும் கண்டுபிடிப்பது இப்படித்தான். இதையே திருப்பியும் போடலாம். "நல்லா இருக்கேன்" என்ற வரியை உதட்டில் சிரிப்போடு, நெஞ்சில் காலி மூச்சோடு சொல்லிப் பாருங்கள். பத்து விம்மல் செய்யாததை அது செய்யும்.

தமிழில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அயல்மொழிக் கையேடுகளில் இதற்கு விடை கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். நம் வாக்கியத்தில் யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்ற சேதி முழுக்கக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அதிலும் அந்தச் சொல்லின் வாலில். துயரக் குரலில் காற்று தீர்ந்துபோகும் இடமும் சரியாக அதே வால்தான். "தெரியும்" என்றாரா "தெரியாது" என்றாரா? "வருவேன்" என்றாரா, "வர மாட்டேன்" என்றாரா? நடிகர் உருகிக் கரைந்து முடித்திருப்பார், கேட்பவருக்குக் கதையே புரிந்திருக்காது.

பேச்சுத் தமிழில் நிலைமை இன்னும் மோசம். "போயிட்டான்" என்பதன் கடைசி னகரத்தை நாம் முழுதாக ஒலிப்பதில்லை; ஆகாரத்தை மூக்கால் சொல்லி முடித்துவிடுகிறோம். "போயிட்டாள்" என்பதில் ளகரம் உதிர்ந்து "போயிட்டா" ஆகிறது. ஆக அவனுக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி உயிரில் மூக்கு சேர்கிறதா இல்லையா என்பது மட்டும். மூக்கடைத்த நடிகரிடம் அவன் அவளாகிவிடுவான். ஒரு ஆணையும் பெண்ணையும் பற்றிய காதல் நாடகத்தில் இதைவிடப் பெரிய விபத்து ஏது? ஸ்டுடியோவில் பிரதியைக் கையில் வைத்துக் கேட்பவர்களுக்கு இந்தப் பிழை காதில் விழாது என்பது கூடுதல் ஆபத்து. அதனால் எடிட் முடிந்ததும், கதை தெரியாத ஒருவரிடம் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி "யார் போனது?" என்று கேட்டுவிடுவது நல்லது.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, மூச்சை வினைமுற்றுக்கு முன்னால் எடுப்பது. "அவன் அன்னைக்கே போயிட்டான்" என்ற வரியில் குரல் உடைவதை "அன்னைக்கே" என்பதில் வைத்துவிட்டு, நிறுத்தி, சிறிது காற்று எடுத்து, "போயிட்டான்" என்பதை வறண்ட குரலில் சுத்தமாகச் சொல்வது. நடுங்கிய சொல்லுக்குப் பிறகு வரும் வறண்ட சொல் கேட்பதற்கும் கனமாக இருக்கும். இரண்டு, வாலைக் கிசுகிசுப்புக்குக் கொண்டுபோகாமல், மெல்லிய குரலாக இருந்தாலும் நாண்கள் அதிர விட்டே முடிப்பது. மூன்றாவது வழி எழுத்தாளரின் கையில் இருக்கிறது. பேச்சுத் தமிழ் வினைமுற்றை முன்னால் தள்ள இடம் தருகிறது. "போயிட்டான்டி அவன்", "தெரியும் எனக்கு, அப்பவே". உணர்ச்சி மேலிடும்போது மக்கள் இப்படித்தான் பேசவும் செய்கிறார்கள். இப்படி எழுதினால் முக்கியமான சேதி முழு மூச்சில் வந்துவிடும். வாலில் இருக்கும் "அவன்" கரைந்துபோனாலும் நட்டமில்லை.

அடுத்தது குறில் நெடில். அழும் குரல் உயிரெழுத்தை இழுக்கும். தமிழில் இழுத்தால் சொல் மாறிவிடும். "என்" இழுபட்டால் "ஏன்". "என்னை விட்டுப் போறியா" என்பதில் "விட்டு" நீண்டால் "வீட்டு" என்று காதில் விழும். ஆகவே இழுவைக்கு நெடில்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். "ஏன்" என்பதை மூச்சு உள்ளவரை நீட்டலாம். "என்" ஒரு தட்டில் முடிந்தாக வேண்டும். ஒத்திகையில் நீட்டக்கூடிய உயிர்களுக்குக் கீழே மட்டும் கோடு போட்டு வைத்தால் டேக்கில் கை தவறாது.

குரல் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு நம் மொழி ஒரு வசதியும் செய்து வைத்திருக்கிறது. க்க, ட்ட, த்த, ப்ப போன்ற இரட்டிப்பு வல்லினங்களின் நடுவில் ஒரு மிகச் சிறிய மௌனம் இருக்கிறது. "விட்டுட்ட" என்று சொல்லிப் பாருங்கள், "ட்ட"வில் காற்று முழுதாக அடைபடுகிறது. அந்த அடைப்பைக் கால் நொடி நீட்டினால் குரல் தடுக்கியதாகக் கேட்கும், சொல்லும் சிதையாது. மெல்லின இரட்டிப்பில் இந்த மௌனம் கிடையாது. "சொன்னேன்" என்பதில் "ன்ன"வை வெட்டினால் விக்கல் மாதிரி இருக்கும். "இல்ல" என்பதில் ஒலி தொடர்ந்து ஓடுவதால் அங்கே தடுக்கலைவிட நடுக்கம் பொருந்தும். ழகரத்துக்கும் எச்சரிக்கை வேண்டும். நாக்கின் அடி இறுகினால் நுனி வளையாது, "வாழ முடியாது" என்பது "வால முடியாது" ஆகும். இந்த வரி மனமுடைந்த பாத்திரங்களுக்கு அடிக்கடி வருவது வேறு! தாடையைத் தளர்த்தி நாலைந்து முறை தனியாகச் சொல்லிப் பார்த்த பிறகு டேக்குக்குப் போவது நல்லது.

இன்னொன்று, "நீ" என்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று "நீங்க" என்று மாறும் வரி. உறவு முறிந்தது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. அதன் மேல் நடிகர் அழுத்தம் கொடுத்தால் இரட்டிப்பு வேலையாகிவிடும். சாதாரணமாகக் கடந்துபோவதே சரி.

மைக் விஷயத்துக்கு வருவோம். சாதாரண உரையாடலுக்கு வாய்க்கும் மைக்குக்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. இருக்கலாம், கைவிரலை விரித்து அளந்துகொள்பவர்களும் உண்டு. அடங்கிய குரலுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை நெருங்கலாம். தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்கும், முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கில் நெருங்க நெருங்க அடித்தொனியும் கூடும். அந்தரங்கமான காட்சிக்கு இது அழகு. ஆனால் காட்சியின் நடுவே தலை பத்து செ.மீ. முன்னும் பின்னும் ஆடினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகக் கேட்பார். அழும் காட்சியில் தலை தானாகக் குனியும், குனிந்தால் குரல்வளையும் மடங்கும், மைக்கின் அச்சிலிருந்தும் வாய் விலகும். இதற்காகவே பிரதியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைக்கிறோம். நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்கிறோம். காகிதம் புரளும் ஓசை மௌனத்தில்தான் அதிகம் கேட்கும் என்பதால், அழுகைக் காட்சியின் வரிகள் பக்கத் திருப்பத்தில் வராதபடி அச்சடித்துக்கொள்ள வேண்டும்.

குரல் வெடிக்கும் இடத்தில் பின்னால் சாய்வதைவிட, முகத்தை 30 முதல் 45 பாகை பக்கவாட்டில் திருப்புவது நல்லது. பின்னால் போனால் அறையின் எதிரொலி கூடிவிடும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது லெவலைத் தாழ்வாக வைக்கத் தயங்க வேண்டாம். சாதாரணப் பேச்சின் உச்சம் -18 முதல் -12 டெசிபலில் (0 தான் கருவியின் உச்சவரம்பு) நின்றால் விம்மல் -6 வரை எகிறினாலும் கிழியாது. கருவி அனுமதித்தால் அதே குரலை 10 டெசிபல் குறைத்து இன்னொரு தடத்திலும் பதிந்து வைக்கலாம். கிழிந்த விம்மலை எந்த மென்பொருளும் முழுதாகத் தைத்துத் தராது.

மூக்குறிஞ்சலைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஒரு காட்சிக்கு ஒன்று போதும். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அது தன் காதுக்குள்ளேயே நடப்பது போல் இருக்கும். இரண்டாவதில் அருவருப்பு வந்துவிடும்.

கிசுகிசுப்புக்கும் வருவோம். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை, அதனால் அதில் சுருதி கிடையாது. சுருதி இல்லாத இடத்தில் துயரத்தின் ஏற்ற இறக்கமும் இல்லை. போதாக்குறைக்கு, வண்டிச் சத்தத்துக்கு நடுவே கைபேசியில் கேட்பவருக்கு அது காற்றாகவே போய்விடும். பாதிக் குரல்தான் பொருத்தம்: நாண்கள் மெல்ல அதிரும், காற்றும் கொஞ்சம் கசியும். தொலைபேசிக் காட்சியில் இது கட்டாயம். தொலைபேசிக் குரலுக்காக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் விட்டுவைத்து மற்றதை வெட்டுகிறார்கள். மூச்சொலியில் ஒரு பகுதி அதற்கு மேலே இருப்பதால் நடிகர் பார்த்துப் பார்த்துச் செய்த பெருமூச்செல்லாம் அங்கே மெலிந்துவிடும். எது ஃபோனில் கேட்கப்போகும் குரல், எது அறையில் இருக்கும் குரல் என்று பதிவுக்கு முன்பே நடிகருக்குச் சொல்லிவிட வேண்டும்.

எடிட்டில் நடக்கும் கொலைகளையும் சொல்லியாக வேண்டும். ஒலிநூல்களுக்கு மூச்சைத் தானாக அழிக்கும் கருவி பழக்கமாகிவிட்டது. அதே அமைப்பை அழுகைக் காட்சிக்கும் ஓட்டினால் நடிகர் கட்டியதெல்லாம் போகும். மிஞ்சுவது இயந்திரம் வாசித்ததுபோல் ஒரு குரல். மெல்லிய ஒலியைத் தானாக அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டால் வரியின் வாலில் மெல்ல அடங்கும் மூச்சு பாதியில் அறுந்து, திடீர் சூனியம் கேட்கும். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை அழுத்தினால் பெருமூச்சும் வசனமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். எங்கள் அனுபவத்தில் இந்தக் காட்சிகளுக்குக் கருவியைவிடக் கை நல்லது: மூச்சை அழிக்காமல் ஒவ்வொன்றாக 3 முதல் 6 டெசிபல் இறக்கிவிடலாம். இடைவெளிகளை நிரப்ப, யாரும் பேசாத அறை ஒலியை அன்றைய பதிவிலேயே 30 நொடியாவது எடுத்து வைக்க வேண்டும். அடுத்த வாரம் எடுத்தால் ஏசியின் இரைச்சல் மாறியிருக்கும். இணையத் தொடர்களுக்கு ஸ்டீரியோவில் -16 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு) என்ற ஒலி அளவு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு வழக்கம் -23. முதல் வகைக்கு உயர்த்தும்போது அடங்கிய குரல் எவ்வளவு மேலே வருகிறது என்பதைக் கேட்டுப் பார்த்த பிறகே காட்சியை முடிக்க வேண்டும்.

மௌனத்துக்கும் எல்லை உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்ட பிறகு வரும் இரண்டு நொடி மௌனத்தைக் கேட்பவர் தாங்குவார். மூன்றைத் தாண்டினால் இணைப்பு போய்விட்டதோ என்று கைபேசியை எடுத்துப் பார்ப்பார். நாற்காலி நகர்வதோ, தம்ளர் மேசையில் அமர்வதோ நடுவில் இருந்தால் ஐந்து நொடியும் செல்லும். 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய, வானொலிக்கென்றே எழுதப்பட்ட ஆரம்பகால நாடகம் ஒன்று விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. பாத்திரங்களுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது. பார்வையில்லாத ஊடகத்தில் ஓசைதான் இடம் என்பதை அவ்வளவு முன்னதாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இப்போது பல தொடர்களில் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனி நாளில் பதிவு செய்கிறார்கள். சண்டைக் காட்சிக்குக்கூட அது ஒப்பேறும். பிரிவுக் காட்சிக்கு ஒப்பேறாது, ஏனென்றால் அங்கே பேசாமல் நிற்பவருக்கும் பங்கு இருக்கிறது. இருவரையும் ஒரே நாளில் அழைக்க முடியாவிட்டால், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவரின் மூச்சையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

இயக்குநர்களிடம் ஒரு சொல். "இன்னும் ஃபீல் பண்ணுங்க" என்பதை வைத்துக்கொண்டு நடிகர் எதுவும் செய்ய முடியாது. தொண்டையை இன்னும் கொஞ்சம் இறுக்குவார், அவ்வளவுதான். "பக்கத்து அறையில குழந்தை தூங்குது", "அவனுக்குத் தெரியவே கூடாது", "பாதி மூச்சுல ஆரம்பிங்க" என்று சொன்னால் உடனே மாறும். ஆறாவது டேக்குக்கு மேல் அழுகைக் காட்சி மேம்பட்டு நாங்கள் பார்த்தது குறைவு. நிறுத்திவிட்டு வேறு காட்சிக்குப் போய்த் திரும்புவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கால அட்டவணையில் கனமான காட்சிகளை அன்றைய பதிவின் கடைசியில் வையுங்கள். கதையில் அதற்குப் பின்னால் வரும் தெளிந்த குரல் காட்சிகளை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். விட்டுப்போன வரிக்குப் பேட்ச் எடுக்கிற நாளில், அதே நேரத்துக்கு நடிகரை வரச் சொல்வது அவசியம். தூங்கி எழுந்த காலைக் குரல் தடித்துத் தாழ்ந்திருக்கும், மாலைக் குரலோடு ஒட்டாது. பழைய பதிவின் அரை நிமிடத்தைப் போட்டுக் கேட்கவிட்ட பிறகே புதிய வரியை எடுக்க வேண்டும்.

கடைசியாக நடிகரின் உடலும் மனமும். தொண்டையைச் செருமினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதும். அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்கலாம். பதிவுக்குப் பின் குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பது ஓய்வே ஆகாது, பேசாமல் இருக்க வேண்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சொந்த வாழ்க்கையின் பிரிவை நினைத்து நடிப்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. ஆறிய காயம் என்றால் உதவலாம். பச்சைக் காயத்தைத் தொட வேண்டாம்: "கட்" சொன்னதும் அது நிற்காது. காட்சி முடிந்ததும் வெளியே வருவதற்கு பிளாக் சொன்ன முறையே எளிது. நிமிர்ந்து நின்று, மூச்சை மெதுவாக ஆழ இழுத்து விடுவது மூன்று முறை; உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துவிட்டு உடலின் நிலையை மாற்றிக்கொள்வது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தையும் பதிவு நேரத்தில் சேர்த்துக் கணக்கிடும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

விமர்சகர்களிடம் கேட்பது ஒன்றுதான். மனமுடைந்த காட்சியை ஒரு தடவை ஹெட்ஃபோனிலும் ஒரு தடவை கைபேசியின் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். போனது அவனா அவளா என்று இரண்டிலும் தெரிகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒலி நாடகக் குரல் நடிகர்களும் ஒலிப்பதிவாளர்களுமான சிலர்